சொட்டுக் கணக்கு எங்கே தப்பாகிறது?

டிரிப்பில் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கண்டுபிடிக்க, மி.லி. அளவை டிராப் ஃபேக்டரால் (ஒரு மி.லி.க்கு எத்தனை சொட்டு என்ற எண்) பெருக்கி, நிமிடங்களால் வகுக்க வேண்டும். இந்த சூத்திரம் நர்சிங் மாணவர்கள் எல்லோருக்கும் மனப்பாடம். அதில் போடும் எண்களை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

முதலில் டிராப் ஃபேக்டர். நோட்டில் 15 போட்டுப் பழகியவர் வார்டிலும் 15 போடுவார். கையில் இருக்கும் டிரிப் செட்டோ (சொட்டு விழும் குழாய்) மி.லி.க்கு 20 சொட்டு. 500 மி.லி. சலைன் 8 மணி நேரத்தில் ஏற வேண்டும் என்றால், 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்கு 21 சொட்டு. 15 என்று நினைத்து 16 சொட்டு வைத்தால் பாட்டில் முடியப் பத்தரை மணி நேரம் ஆகிவிடும். இந்த எண் செட்டின் கவரிலேயே அச்சிட்டிருக்கும். கவரைக் குப்பையில் போடுவதற்கு முன் பாருங்கள்.

சிறு சொட்டாக விழும் மைக்ரோ செட்டில் மி.லி.க்கு 60 சொட்டு. அதனால் மணிக்கு எத்தனை மி.லி.யோ, நிமிடத்துக்கு அத்தனை சொட்டு. வசதியான குறுக்குவழிதான். ஆனால் அதே பழக்கத்தில் 20 சொட்டு செட்டிலும் 60 சொட்டு வைத்தால், மணிக்கு 60 மி.லி. போக வேண்டியது 180 மி.லி. போகும். குழந்தைகள் வார்டில் இது விளையாட்டல்ல.

மணியை நிமிடமாக மாற்ற மறப்பதும் உண்டு. 500 × 20 ÷ 8 = 1250. நிமிடத்துக்கு 1250 சொட்டு என்றால் அது டிரிப் இல்லை, குழாயடி! விடை நம்பும்படி இருக்கிறதா என்று ஒரு நொடி பார்த்தாலே இது மாட்டிக்கொள்ளும்.

சிரிஞ்சிலிருந்து மருந்தை மெதுவாகச் செலுத்தும் கருவியான சிரிஞ்ச் பம்ப்பின் கணக்கில் தப்பு அவ்வளவு லேசில் கண்ணில் படாது. 60 கிலோ நோயாளிக்கு டோபமைன், கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று ஆர்டர். 200 மி.கி. மருந்தை 50 மி.லி.யில் கலந்திருக்கிறோம், ஆக, ஒரு மி.லி.யில் 4 மி.கி., அதாவது 4000 மைக்ரோகிராம். 5 × 60 × 60 = 18,000 மைக்ரோகிராம் ஒரு மணிக்கு. 4000-ஆல் வகுத்தால் மணிக்கு 4.5 மி.லி. இதில் இரண்டு 60 வருவதைக் கவனியுங்கள். ஒன்று எடை, இன்னொன்று நிமிடம். 'ஏற்கெனவே பெருக்கியாச்சே' என்று ஒன்றை விட்டுவிடுவது இங்கேதான்.

கலக்கும்போதும் ஒரு சறுக்கல் உண்டு. ஆம்ப்யூலில் (சிறு கண்ணாடிக் குப்பி) மருந்தே 5 மி.லி. இருக்கிறது. 45 மி.லி. சலைன் சேர்த்தால்தான் மொத்தம் 50. முழு 50 மி.லி. சலைனில் கலந்தால் 55 ஆகிவிடும், மணிக்கு 4.5 மி.லி. ஓடினாலும் நோயாளிக்குப் போவது சுமார் 16.4 மி.கி.தான், 18 அல்ல.

இன்சுலினில் ஆபத்து இன்னும் அதிகம். நம்மூரில் மி.லி.க்கு 40 யூனிட் வயலும் (மருந்துக் குப்பி) உண்டு, 100 யூனிட் வயலும் உண்டு. 40 யூனிட் வயலிலிருந்து 100 யூனிட் சிரிஞ்சில் 50 கோடு வரை இழுத்தால், வருவது அரை மி.லி., வெறும் 20 யூனிட். 40 யூனிட் சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. வயலையும் சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு இழுங்கள்.

எழுதும்போது .5 வேண்டாம், 0.5 என்று எழுதுங்கள். 5.0 என்றும் எழுதாதீர்கள். புள்ளி மங்கினால் 50.

அப்புறம், சொட்டை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குவது. 21 சொட்டு வைக்க வேண்டிய இடத்தில் 15 நொடியில் 5 விழலாம், 6 விழலாம்; பெருக்கினால் 20 அல்லது 24. முழு நிமிடமும் எண்ணுங்கள். நோயாளி கையை மடக்கினாலும் கட்டிலை உயர்த்தினாலும் வேகம் மாறும், திரும்ப எண்ண வேண்டும். டிரிப் பின்தங்கிவிட்டது தெரிந்தால், மீதியை வேகமாக விட்டு ஈடுகட்டாமல் டூட்டி டாக்டரிடம் சொல்லிப் புது ஆர்டர் வாங்குங்கள்.