கடற்கரை ஊரில் வால்வு ஆம்ப்: எந்தச் சூடு ஆயுளைத் தின்னும்?

கிட்டார் ஆம்பில் வால்வு, அதாவது ஒலியைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய், சூடாவது கோளாறே அல்ல. உள்ளே கேத்தோடு என்ற பூச்சுள்ள உலோகக் குழல் 700 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ந்தால்தான் எலக்ட்ரான் கிளம்பும். கண்ணாடி கையைச் சுடுகிறதே என்று ஃபேன் வைத்தால் வால்வுக்குப் பெரிய லாபம் கிடையாது.

முதலில் சுவர் பிளக்கில் மீட்டரை வையுங்கள், அதுவும் ஊரில் லோடு குறைந்த பின்னிரவில். 245 வோல்ட் காட்டுகிறது, ஆம்பின் டிரான்ஸ்ஃபார்மரோ 220 டாப்பில் (வோல்ட்டேஜ் தேர்வு முனையில்) இருக்கிறது என்றால், கேத்தோடைக் காய்ச்சும், 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். பத்து சதவீதத்துக்கு மேல் போனால் கேத்தோடு பூச்சு சீக்கிரம் தீரும். டாப்பை 240-க்கு மாற்றினால் 6.4 வோல்ட்டில் நிற்கும். கோயில் கொடை, சர்ச் திருவிழா மேடைகளில் ஜெனரேட்டர் ஓடினால், ஆம்பைச் சொருகும் முன் அங்கேயும் அளந்து பாருங்கள்.

அடுத்தது பயாஸ்: வாசிக்காதபோதும் வால்வில் எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்ற செட்டிங். உள்ளே 450 வோல்ட் டிசி இருக்கும், ஆஃப் செய்த பிறகும் கண்டென்சரில் தங்கும். கைபழக்கம் இல்லாதவர் மெக்கானிக்கிடம் கொடுப்பதே சரி. ஸ்பீக்கர் இணைத்து, வால்யூம் பூஜ்யத்தில் வைத்து, பத்து நிமிடம் காயவிடுங்கள். கேத்தோடில் 1 ஓம் ரெசிஸ்டர் இருந்தால் அதன் குறுக்கே காட்டும் மில்லிவோல்ட்தான் மில்லியாம்பியர். ஈஎல்34 என்ற பவர் வால்வின் பிளேட் (எலக்ட்ரான் போய்ச் சேரும் தகடு) தாங்குவது 25 வாட். அதில் 70 சதவீதம் 17.5 வாட். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், 17.5-ஐ அதால் வகுத்து 39 மில்லியாம்பியர். அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். பயாஸைத் தானே அமைத்துக்கொள்ளும் கேத்தோடு பயாஸ் ஆம்ப்களில் திருகுவதற்கே ஒன்றும் இருக்காது.

குளச்சல், முட்டம் போன்ற கரையோர ஊர்களில் இன்னொரு வம்பு உண்டு. உப்புக்காற்றில் வால்வைச் செருகும் சாக்கெட்டின் கவ்விகள் கறுக்கும். ஈஎல்34, இன்னொரு பவர் வால்வான 6எல்6 இரண்டிலும் ஐந்தாம் பின், கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட். அங்கே தொடர்பு விட்டால் நெகட்டிவ் பயாஸ் போய்விடும், வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும். விளக்கை அணைத்துப் பாருங்கள்: நடுவில் தெரியும் ஆரஞ்சு இழை சாதாரணம், சாம்பல் நிறப் பிளேட்டின் பக்கவாட்டில் சிவப்புத் திட்டு வந்தால் அந்த நொடியே ஆஃப். ஆறிய பிறகு இரு வால்வுகளை இடம் மாற்றுங்கள். சிவப்பு வால்வோடு போனால் வால்வு கெட்டது. அதே சாக்கெட்டில் நின்றால் கவ்வியோ, பயாஸ் லைனோ, கசியும் கப்ளிங் கண்டென்சரோ. கவ்வியானால், கண்டென்சர் மின்சாரத்தை வடித்து மீட்டரில் உறுதி செய்தபின், கான்டாக்ட் கிளீனர் தொட்ட பல்லிடுக்கு பிரஷால் துடைத்து ஊசியால் இறுக்குங்கள். கோளாறைச் சரிசெய்யாமல் புது வால்வு வாங்கிப் போட்டால் அதுவும் எரியும்.

வெள்ளி நிற உச்சி வெளுத்துப்போன வால்வில் காற்று புகுந்துவிட்டது, குப்பைதான்.

சரி, ஃபேன் எங்கே உதவும்? ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள காம்போவில் வால்வுகள் சேசிஸுக்கு (சர்க்யூட் உள்ள உலோகத் தட்டுக்கு) கீழே தொங்கும், சூடு மேலேறி எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களை வேகவைக்கும். பத்து டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதி. மேடை அலங்காரத் துணியை ஆம்பின் முதுகில் போர்த்தவே கூடாது. பின்னால் ஒரு சாண் இடைவெளி போதும். 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேனை 7 வோல்ட்டில் ஓட்டினால் சத்தமும் கேட்காது.

கச்சேரி முடிந்ததும் உடனே வண்டியில் ஏற்றாதீர்கள். கால் மணி நேரம் ஆறட்டும்; சூட்டில் இளகிய ஹீட்டர் இழை அறுந்துபோக, வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்தாலே போதும்.