எந்த வயதிலும் வேலை மாறலாம்: மலையில் இருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

நீலகிரியில் வேலை மாற்றம் பலருக்குக் கேட்காமலே வந்து சேர்ந்திருக்கிறது. 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. அப்புறம் டிஜிட்டல் கேமரா வந்தது, ஃபிலிம் வாங்க ஆளில்லாமல் போனது. பச்சைத் தேயிலை விலை இறங்கும்போதெல்லாம் "இனி இதை நம்பி இருக்க முடியாது" என்ற பேச்சு ஏதாவது ஒரு வீட்டில் எழுகிறது.

நானும் குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவன்தான். 47 வயதில் அதை விட்டேன். இப்போது தேன், ஊறுகாய், வர்க்கி என்று சிறிய அளவில் செய்து விற்பவர்களுக்குக் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறேன். மாற நினைப்பவர்கள் என்னிடம் கேட்பதை எல்லாம் வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: பழைய வேலையைப் பிரித்து எழுதுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, இதுவரை பார்த்த வேலையில் உங்கள் கையும் மூளையும் என்னென்ன செய்தன என்று எழுதுங்கள். "டிரைவர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் பயனில்லை. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஓட்டியவருக்கு எந்த நேரத்தில் எங்கே மூடுபனி இறங்கும் என்று தெரியும். குழந்தைக்கு வாந்தி வருவதற்குள் எங்கே நிறுத்த வேண்டும், வெளியூர்க்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதும் தெரியும். சுற்றுலா வழிகாட்டி வேலையில் பாதியை அவர் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார்.

கொழுந்து பறிக்கும் அக்காமார் "எனக்கு என்ன தெரியும்?" என்றுதான் தொடங்குவார்கள். இலையின் தரம் பார்க்கத் தெரியும், எடையைச் சரிபார்க்கத் தெரியும், பத்துப் பேரை ஒரு நிரையில் வேலை வாங்கத் தெரியும். இதையெல்லாம் எழுதுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஞாபகம் வரும்போதெல்லாம் சேர்த்துக்கொண்டே போங்கள். வயது கூடக் கூட இந்தப் பட்டியல் நீளும். 50 வயதுக்காரர் 25 வயதுக்காரரைவிட முன்னால் நிற்கும் இடம் இதுதான்.

படி 2: யாருக்குப் பயன்படுகிறது என்று பாருங்கள்

மனசுக்கு நிறைவான வேலை எது என்று வெறுமனே யோசித்தால் பதில் வராது. பழைய வேலையில் எந்த நாளில் வீட்டுக்கு வந்து அதைப் பற்றித் தானாகப் பேசினீர்கள்? அன்று யாருக்கு என்ன செய்து கொடுத்தீர்கள்? அதை எழுதினால் போதும். எனக்கு அது, தன் கணக்கே புரியாமல் வந்த ஒரு சிறு விவசாயிக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்ன நாள்.

படி 3: வெறும் மாதத்தில் போய்ப் பாருங்கள்

எதைத் தவிர்த்தாலும் இந்தப் படியை மட்டும் தவிர்க்காதீர்கள். ஏப்ரல், மே சீசனில் பார்த்தால் மலையில் எல்லாத் தொழிலும் கொழிப்பதாகத் தெரியும். ஹோம்ஸ்டே நிரம்பி வழியும், சாக்லேட் கடையில் நிற்க இடம் இருக்காது. அதைப் பார்த்து வேலையை விடுவது ஆபத்து.

வியாபாரம் ஓடாத மாதத்தைத்தான் வெறும் மாதம் என்கிறேன், அது எது என்பது ஊருக்கு ஊர் மாறும். கூடலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் தொடங்கி வடகிழக்கு மழைதான் பெரிது, கொடைக்கானலுக்கும் அப்படியே. இது போக, 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டும். சுற்றுலாவை நம்பும் தொழிலென்றால் இதையும் கணக்கில் சேருங்கள்.

அந்த மழை மாதத்தில், நீங்கள் நினைத்திருக்கும் தொழிலைச் செய்பவரிடம் போய், "ஒரு வாரம் கூட இருந்து வேலை செய்யட்டுமாங்க? சம்பளம் வேண்டாம்" என்று கேளுங்கள். ஹோம்ஸ்டே என்றால் துவைத்த போர்வை காயாமல் கிடப்பதையும் சுவரில் பூஞ்சை ஏறுவதையும் பார்ப்பீர்கள். தேனீ வளர்ப்பு என்றால் பூவில்லாத மாதத்தில் பெட்டிக்குச் சர்க்கரைப் பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும். அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இந்த மாதம் கையில் எவ்வளவு வந்தது? எந்த வேலை சலிப்பாக இருக்கிறது? அதை யார் செய்கிறார்கள்?

அந்தச் சலிப்பான வேலையைச் செய்த பிறகும் மறுநாள் காலை போகத் தோன்றினால், தொழில் உங்களுக்கு ஒத்துவரும். தோன்றாவிட்டால் ஒரு வாரத்தோடு போயிற்று, வேலை கையில் இருக்கிறது.

படி 4: விடுவதற்கு முன் கணக்கு

பணிக்கொடை (கிராஜுவிட்டி): நிரந்தர வேலையில் பொதுவாக 5 ஆண்டுகள் தொடர்ந்து இருந்தால் கிடைக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் (டி.ஏ.) சேர்ந்த கடைசி மாதத் தொகையை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்து, வேலை செய்த ஆண்டுகளால் பெருக்குங்கள். 13,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 7,500. எட்டு ஆண்டுக்கு 60,000.

பி.எஃப். ஓய்வூதியம்: இதற்கு 10 ஆண்டு சேவை வேண்டும். முழு ஓய்வூதியம் 58 வயதில். 50 வயதிலிருந்தே வாங்கலாம், ஆனால் தொகை குறையும். ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு பத்தை முடித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. முன்பு வேறு இடத்தில் வேலை பார்த்திருந்தால் அந்தக் கணக்கையும் இதே யூஏஎன் எண்ணுக்கு (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிச் சேருங்கள். அந்த ஆண்டுகளும் கூடும்.

எஸ்டேட்டில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. எஸ்டேட் கொடுத்த லைன் வீடு வேலையோடு வந்தது, வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டிவரும். வாடகை, முன்பணம், பிள்ளைகளின் பள்ளி தூரம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். வீட்டில் ஒருவர் எஸ்டேட் வேலையில் இருந்துகொண்டு மற்றவர் மாறுவது பல குடும்பங்களுக்குச் சரியான வழி.

படி 5: வீட்டில் பேசுங்கள்

"இந்த வயசுல எதுக்குங்க இதெல்லாம்?" என்ற கேள்வி வரும். அது பயத்தில் கேட்பது, கோபப்படாதீர்கள். நான்காம் படியின் கணக்கை எழுதிய தாளை முன்னால் வையுங்கள். எத்தனை மாதம் வருமானம் இல்லாமல் ஓட்டலாம், எப்போது நிறுத்திக்கொள்வீர்கள் என்பது அதில் இருக்கட்டும்.

படி 6: கற்றுக்கொள்ள வயது தடையில்லை

பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் எழுதலாம், உச்ச வயது வரம்பு கிடையாது. பண்ணைத் தொழில் என்றால் குன்னூரில் உபாசி (தென்னிந்தியத் தோட்ட அதிபர்கள் சங்கம்) நடத்தும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பழனி மலையில் கொடைக்கானலிலும் தாண்டிக்குடி வழியில் தடியன்குடிசையிலும் வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையங்கள் உண்டு. மிளகு, காபி பற்றிக் கேட்கத் தடியன்குடிசை நல்ல இடம். நேரில் போய்க் கேளுங்கள், போனில் பாதிதான் கிடைக்கும்.

படி 7: கடனும் பதிவும்

சொந்தத் தொழிலுக்கு உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறு தொழில் பதிவு) இலவசம். ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் ஆன்லைனில் நீங்களே செய்யலாம், இதற்குக் கட்டணம் என்று கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். மத்திய அரசின் பி.எம்.இ.ஜி.பி. மானியக் கடன் திட்டத்தில் 18 வயது நிரம்பினால் போதும் என்றுதான் விதி, மேல் வரம்பு வைக்கவில்லை. ஆனால் புதிய தொழிலுக்கு மட்டுமே. தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிரம்பிய கைவினைஞர்களுக்கென்றே வந்தது. எந்தத் திட்டத்துக்கு இப்போது விண்ணப்பிக்கலாம் என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொண்டு போங்கள். முதல் ஆண்டு முடிந்தவரை கடனில்லாமல் சிறிதாகச் செய்யுங்கள் என்பேன். ஒரு வெறும் மாதம் எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்த பிறகு வாங்கும் கடன் அளவாக இருக்கும்.

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்காமல் விற்கக் கூடாது. நீலகிரியில் பிளாஸ்டிக் கட்டுப்பாடு கடுமை, அதனால் பாக்கெட்டை முடிவு செய்துவிட்டுப் பிறகு விலையைப் போடுங்கள்.

படி 8: விலகும் நாள்

ராஜினாமாவை எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். பணி அனுபவச் சான்று, கடைசிச் சம்பளச் சீட்டு இரண்டையும் கையோடு கேளுங்கள். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதியை நிர்வாகம் பதிந்ததா என்று பாருங்கள். பதியாவிட்டால், கடைசிப் பங்களிப்புக்கு இரண்டு மாதம் கழித்து அந்தத் தேதியை நீங்களே ஆன்லைனில் பதியலாம்.