காஞ்சிபுரத்தில் ஒரு நாள்: முதன்முறை செல்பவர்களுக்கான கோயில் வழிமுறை

காஞ்சிபுரத்திற்கு முதன்முறை செல்பவர்கள் பலரும் ஒரே நாளில் இருபது கோயில்களுக்குத் திட்டமிட்டு, எந்தக் கோயிலிலும் மனம் நிற்காமல் திரும்புகிறார்கள். நான்கு கோயில்களே போதும் என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடைசாத்தி மாலை நான்கு மணியளவில்தான் மீண்டும் திறக்கும் என்பதால், அதற்கேற்ப வரிசையை வகுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் படியாக, காலை வெயில் ஏறுமுன் ஊரின் மேற்கு ஓரத்திலுள்ள கைலாசநாதர் கோயிலுக்குச் செல்லுங்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய இந்த மணற்கல் கோயிலுக்கு அதிக நேரம் ஒதுக்குங்கள். எனக்கு இந்த ஊரிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். திருச்சுற்று மதிலை ஒட்டி வரிசையாக அமைந்த சிற்றாலயங்களை ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். சிலவற்றின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சுண்ணச் சாந்தின் மேல், ஒரு முகத்தின் பாதியும் ஒரு கண்ணின் வளைவும் மட்டும் மங்கிய செந்நிறக் கோடுகளாக இன்றும் எஞ்சியிருக்கின்றன. கருவறையைச் சுற்றியுள்ள குறுகிய வழிக்குள் தவழ்ந்துதான் நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

அடுத்து ஏகாம்பரநாதர் கோயில். பஞ்சபூதத் தலங்களில் இது நிலத்திற்குரியது. மூலவர் மண்ணாலான லிங்கம் என்பதால் அவருக்கு நீரால் அபிஷேகம் செய்வதில்லை. பிராகாரத்திலுள்ள தலமரமான மாமரத்தையும் வலம் வாருங்கள். அம்பாளுக்குத் தனிச் சன்னதி எங்கே என்று அங்கே தேட வேண்டாம். காஞ்சியின் சிவாலயங்களுக்கெல்லாம் பொதுவான அம்பாள் காமாட்சியே என்பது மரபு. ஆகவே நடைசாத்துமுன் காமாட்சியம்மன் கோயிலுக்குச் சென்று காலை தரிசனத்தை நிறைவு செய்யுங்கள்.

நண்பகலில் சாப்பிட்டு ஓய்வெடுங்கள். வெயிலில் கற்றளம் கொதிக்கும். வெறுங்காலுடன் நடப்பது கடினம்.

மாலையில் நடை திறந்ததும் சின்ன காஞ்சிபுரத்திலுள்ள வரதராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்லுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே நூற்றுக்கால் மண்டபத்தைப் பார்த்துவிட வேண்டும். அதன் மூலைகளில் தொங்கும் சங்கிலிகளின் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்தவை அல்ல, ஒரே கல்லிலிருந்து குடைந்தவை என்பதை அருகில் சென்று பார்த்தால்தான் நம்ப முடியும். அதன்பின் 24 படிகள் ஏறி, அத்திகிரி என்னும் சிறு குன்றின் மேல் நின்ற கோலத்தில் அருளும் பெருமாளைச் சேவியுங்கள்.

திரும்பும் வழியில் அனந்தசரஸ் குளக்கரையில் சற்று நில்லுங்கள். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும், அத்தி மரத்தாலான பெருமாள் திருமேனியான அத்தி வரதர், 2019-இல் 48 நாட்கள் காட்சியளித்துவிட்டு, அந்த நீருக்கடியில்தான் மீண்டும் சயனித்திருக்கிறார்.