பயணப் பைக்குள் அடங்கும் சவரக் கத்தித் தோல் பட்டை: செய்முறை

மடக்குச் சவரக் கத்தியோடு வெளியூர் செல்பவருக்குக் கத்தியைக் காட்டிலும் அதைத் தீட்டும் தோல் வார்தான் சுமை. கொக்கியில் மாட்டி இழுத்துப் பிடித்துத் தீட்டும் நீண்ட வாரைப் பையில் சுருட்டி வைத்தால், சுருட்டிய மடிப்பு தோலில் நிலைத்துவிடும். அந்த மேட்டில் கத்தியின் வாய் சீராகப் படியாது. பயணத்துக்கு, மரப்பலகையின் இரு பக்கங்களிலும் தோல் ஒட்டிய சிறு பட்டையே ஏற்றது. சேலத்தில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே இதைச் செய்துவிடலாம்.

பலகை 23 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலம், 8 மி.மீ. கனம் இருக்கட்டும். 18 செ.மீ. அளவுக்குத் தோல் ஒட்டி, மீதி 5 செ.மீ. இடத்தைப் பிடிப்பதற்கு விட்டுவிட வேண்டும். கத்தியின் அலகு இந்த அகலத்தைவிடச் சற்று நீளமாக இருந்தாலும் குறையில்லை. தீட்டும்போது குறுக்குவாட்டில் சாய்த்து இழுத்தால் வாய் முழுவதும் தோலில் படும். மரத்துக்கு என் தேர்வு நன்றாகக் காய்ந்த தேக்கு. தச்சுப் பட்டறையில் கதவு நிலைக்குப் போக மிஞ்சிய துண்டை இழைத்துக் கேட்டாலே போதும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் பலகை கையில் இருந்தாலும், ஈரம் முழுவதும் போகாத துண்டு பின்னர் முறுக்கிக்கொள்ளும் என்பதால் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். இழைத்த பலகையை, கண்ணாடித் தகட்டின் மேல் விரித்த உப்புத்தாளில் தேய்த்துச் சமப்படுத்துங்கள். எஃகு அளவுகோலின் ஓரத்தைப் பலகையின் மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது இடையில் ஒளி கசியக் கூடாது.

தோல், மரப்பட்டை போட்டுப் பதனிட்டதாகவே இருக்க வேண்டும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்ட தோல் கெட்டியாக நின்று, கத்திக்கு மெல்லிய பிடிமானம் தரும். குரோமியத்தால் பதனிட்ட மென்தோலோ கத்தியின் எடைக்கே அமுங்கி, வாயின் ஓரத்தை மழுக்கும். வாங்கும்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். பட்டை போட்ட தோல் உள்ளும் புறமும் ஒரே பழுப்பாக இருக்கும். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலச் சாம்பல் கோடு தெரியும். சாயமும் மெழுகும் ஏற்றாத பட்டைத் தோலில் ஒரு துளி நீர் விட்டால் அந்த இடம் உடனே கருக்கும். கையால் தோல் செருப்பு செய்பவர்களிடம் கேட்டால் துண்டுத் தோல் கிடைக்கும். அடித்தோலுக்கு வைத்திருக்கும் கனத்த துண்டை விட்டுவிட்டு, 2 முதல் 3 மி.மீ. கனமுள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே தோலில் இரு துண்டுகளை, நான்கு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு வெட்டிக்கொள்ள வேண்டும்.

இனி ஒட்டுவது. பெரும்பாலான பட்டைகள் கெட்டுப்போவது இங்கேதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்தாதீர்கள்; அதிலுள்ள நீரைக் குடித்துத் தோல் விரியும், காயும்போது சுருங்கும், அந்த இழுப்பில் 8 மி.மீ. பலகை வில்லாக வளையக்கூடும். ஃபெவிகால் எஸ்.ஆர். 998 போன்ற, இரு பரப்பிலும் தடவிக் காயவிட்டு ஒட்டும் மஞ்சள் நிறப் பசைதான் இதற்கு உரியது. அது எளிதில் தீப்பற்றும்; சன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு, விளக்கு எதுவும் அருகில் இல்லாமல் வேலை செய்யுங்கள்.

முதல் துண்டை, முடி இருந்த வழவழப்பான முகம் மேலே தெரியும்படியும், இரண்டாவதை, சதையை ஒட்டியிருந்த சொரசொரப்பான முகம் மேலே தெரியும்படியும் ஒட்ட வேண்டும். இந்த இரண்டாவது துண்டுதான் சிக்கலானது. மரத்தில் படியும் அதன் வழவழப்பான முகத்தில் பசை இறங்காது. ஒட்டியதுபோல் இருந்து, சில வாரங்களில் ஒரு மூலையிலிருந்து தாளைப்போல உரிந்து வரும். அந்த முகத்தை முரட்டு உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பு முழுவதும் போய் நார் எழும்பும்வரை கீறிய பிறகே பசை தடவுங்கள். முதல் துண்டில் மரத்தில் படியும் சொரசொரப்பான முகமோ முதல் பூச்சைக் குடித்துவிடும் என்பதால் அதற்கு இரண்டு பூச்சு தேவை. புறங்கையால் தொட்டால் பசை ஒட்டாத நிலை வரும்வரை பொறுக்க வேண்டும். சேலத்து வெயிலில் இது கால் மணி நேரத்துக்குள் ஆகிவிடும். மூடுபனி இறங்கும் நாளில் ஏற்காட்டில் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து தொடங்கி, காற்றுக் குமிழ் அடைபடாதபடி மெல்லப் படியவிட்டுச் சப்பாத்திக் கட்டையால் அழுத்தி உருட்டுங்கள். பசை பட்டதும் பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை, 3 மி.மீ. கூடுதல் விட்டது இதற்காகத்தான்.

ஒரு நாள் கழித்து, மரத்தின் ஓரத்தை ஒட்டிப் புதிய கட்டர் அலகால் மிகுதித் தோலை வெட்டி நீக்கி, தோலின் மேல் விளிம்புகளை உப்புத்தாளால் சற்றே உருட்டிவிடுங்கள். கூரான விளிம்பில் கத்தி மாட்டினால் தோலும் கிழியும், வாயும் பாழாகும்.

வழவழப்பான பக்கத்துக்கு எதுவும் பூச வேண்டாம். உள்ளங்கையால் தேய்த்து வந்தாலே போதுமான எண்ணெய் ஏறும். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம், அது ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைவதால் மலைக் குளிரில் தோலின் மேல் பிசுக்காக நிற்கும், வெயிலில் ஊறித் தோலை இளக்கும். சொரசொரப்பான பக்கத்தில் மட்டும் கத்தியின் வாயை மெல்லத் தேய்த்துக் கூராக்கும் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு குழைவை, தோலின் நிறம் அடியில் தெரியும் அளவுக்கு மெல்லியதாகத் தேய்க்க வேண்டும். அந்தப் பச்சை மறுபக்கத்துக்குப் பரவாமல், பட்டையைப் பருத்தித் துணியில் பொதிந்து வையுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை அடைத்துவைப்பதால், மழைக்காலத்தில் தோலும் பூஞ்சை பிடிக்கும், அருகிலிருக்கும் கார்பன் எஃகுக் கத்தியும் துருவேறும்.

தீட்டும்போது கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரத் தோலில் கிடக்க, முதுகு முன்னே செல்ல வாய் பின்னே வரவேண்டும். முனையை அடைந்ததும் முதுகின் மேலேயே புரட்டித் திருப்புங்கள். கத்தியின் எடைக்கு மேல் அழுத்தம் கொடுக்க வேண்டாம். நாள்தோறும் வழவழப்பான பக்கத்தில் முப்பது நாற்பது முறை தீட்டினால் போதும். கத்தி முடியை இழுக்கத் தொடங்கினால் மட்டும் பச்சைப் பக்கத்தில் பத்து முறை.

பின்சேர்க்கை: ஈரமான ஊர்களில் தங்கியவர்கள் சிலர், ஒரு மூலை மட்டும் விலகியதாகச் சொன்னார்கள். அதற்காகத் தோலை முழுவதும் பிய்க்க வேண்டியதில்லை. அந்த மூலையைத் தூக்கி, முடி உலர்த்தியின் சூட்டைச் சற்று நேரம் உள்ளே காட்டினால் காய்ந்த பசை மீண்டும் இளகும்; உடனே அழுத்தி, சமமான பலகையும் எடையும் ஏற்றி இரவு முழுவதும் விட்டுவிடுங்கள்.