நீல வரியனா, கருநீல வரியனா?

வடகிழக்குப் பருவமழையை ஒட்டி சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பக்கமிருந்து பட்டாம்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பறந்து போகும். அதில் வெண்புள்ளிக் கருப்பன்களோடு நீல வரியனும் கருநீல வரியனும் கலந்தே வரும். இரண்டும் திருமலா என்கிற ஒரே பேரினம். கருப்பு இறக்கை, வெளிர்நீலக் கோடு, புள்ளி எல்லாம் இரண்டுக்கும் உண்டு. அதனால் ஒன்றை இன்னொன்றாக எழுதிவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம் ‘கருநீல’ என்கிற பெயர்தான். பெயரைக் கேட்டதும் எது அதிகக் கருப்பு என்று தேடுகிறோம். ஆனால் நிழலில் உட்கார்ந்தால் நீல வரியனும் கருத்துத்தான் தெரியும். பல நாள் பறந்து செதில் உதிர்ந்த கருநீல வரியன் வெளுத்துக் கிடக்கும். கருப்பை விட்டுவிட்டு நீலக் கோட்டின் அகலத்தைப் பாருங்கள். பின் இறக்கையில், உடலை ஒட்டிய பகுதியில் தொடங்குங்கள். நீல வரியனுக்கு அங்கே கோடுகள் பட்டையாக இருக்கும், நடுவில் கருப்பு ஒடுங்கிப்போகும். கருநீல வரியனுக்குக் கோடுகள் மெலிந்திருக்கும், கருப்பு தாராளமாக இருக்கும். முன் இறக்கையின் அடியிலிருந்து நீளும் கோட்டிலும் இதே வேறுபாடுதான். ஓரத்துச் சின்னப் புள்ளிகளை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம், ஒன்றின் மேல்புறத்தை இன்னொன்றின் அடிப்புறத்தோடு ஒப்பிடக் கூடாது. இறக்கையை மூடி உட்கார்ந்தால் இரண்டுமே பழுப்பேறித் தெரியும். மூடிய இறக்கையை மூடியதோடும், விரித்ததை விரித்ததோடும் வைத்துப் பாருங்கள்.

பின் இறக்கையின் அடிப்புறத்தில் சின்னப் பை மாதிரி ஒரு புடைப்பு இருந்தால் அது இன அடையாளம் இல்லை, ஆண் என்பதற்கான அடையாளம். இரண்டு இனத்து ஆணுக்கும் அது உண்டு.

செடியும் கைகொடுக்காது. கொடிப்பாலையில் இரண்டின் புழுக்களும் வளரும். காய்ந்த கிலுகிலுப்பையிலும் தேள்கொடுக்கிலும் இரண்டு இனத்து ஆண்களும் சேர்ந்தே மொய்க்கும்.

என்னை உறுத்துவது கணக்கெடுப்பில் நடக்கும் தவறு. ஒரு பூச்சியைப் படம் எடுத்து, அது கருநீல வரியன் என்று உறுதியானதும், தலைக்கு மேல் போன முந்நூறையும் அதே பெயரில் எழுதிவிடுகிறார்கள். வலசைக் கூட்டம் அப்படி ஒரே இனமாக இருப்பது அரிது. உட்கார்ந்திருப்பவற்றில் முடிந்தவரை பலவற்றைப் பாருங்கள், கோடு தெளிவாகத் தெரிந்தவற்றுக்கு மட்டும் இனப்பெயர் கொடுங்கள். மற்றதையெல்லாம் ‘திருமலா, இனம் தெரியவில்லை’ என்றே எழுதலாம்.