புகலிட வழக்கு வெளிநாட்டில், ஆதாரம் ஊரில்: மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

லண்டனிலோ ரொறன்ரோவிலோ சூரிச்சிலோ புகலிடம் கோரியிருக்கும் ஒருவரின் வழக்குக்கு வேண்டிய ஆவணங்களைத் தேடி அனுப்பும் பொறுப்பு, பெரும்பாலும் வாழைச்சேனையிலோ திருக்கோவிலிலோ இருக்கும் ஒரு தாயின் அல்லது தம்பியின் தலையில்தான் விழுகிறது. அங்கே சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது; இங்கே வந்து சேர்வதோ வட்ஸ்அப் குரல்பதிவுகளும் ஏஜென்சிக்காரர்களின் பேச்சுமே. அந்தப் பொறுப்பைச் சுமப்பவர்களுக்காகவும், அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கும் சட்டத்தரணிகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் அறிய வேண்டியது திகதியை. உங்கள் உறவினர் எந்த நாளில் அந்த நாட்டுக்குள் போனார், எந்த நாளில் விண்ணப்பித்தார், வழக்கு இப்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்ற மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அகதியாக ஏற்கப்பட்டவர் தம் குடும்பத்தை அழைக்கும் வழிக்கு, பிரித்தானியா 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி முதல் புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்தியது. அதற்கு முன் கொடுக்கப்பட்ட விண்ணப்பங்கள் பழைய விதிப்படியே பார்க்கப்படும் என்றும் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில், அகதிகளுக்கு வழங்கும் அனுமதியை ஐந்து ஆண்டுகளிலிருந்து 30 மாதங்களாகக் குறைக்கும் திட்டத்தை வெளியிட்டது. அவுஸ்திரேலியாவில், படகில் போய்த் தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்தவர்களுக்கு நிரந்தர விசாவுக்கான வழி 2023 பெப்ரவரி 14இல் திறந்தபோதும், அந்தத் திகதிக்கு முன் யார் எந்த நிலையில் இருந்தார் என்பதுதான் கணக்கில் எடுக்கப்பட்டது. ஆகவே, “சட்டம் மாறிவிட்டதாம்” என்ற செய்தி வந்தவுடன் கலங்காமல், “என் திகதிக்கு எந்த விதி பொருந்தும்?” என்று அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அந்தச் சட்டத்தரணி யார் என்பதைச் சரிபார்க்காமல் ஒரு சதமும் அனுப்ப வேண்டாம். பிரித்தானியாவில் தகுதியோ பதிவோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை வழங்குவது 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். சொலிசிட்டராக இல்லாத ஆலோசகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு 2025 ஜனவரியிலிருந்து குடிவரவு ஆலோசனை அதிகாரசபை என்ற புதிய பெயரில் இயங்குகிறது. அதன் பதிவேட்டை இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். கனடாவில் சட்டத்தரணிகளுக்கு வெளியே, குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குபடுத்தும் அமைப்பில் பதிவு பெற்றவர்களே கட்டணம் வாங்கி ஆலோசனை வழங்கலாம். அவர்களிலும் புகலிடக் கோரிக்கைகளை விசாரித்து முடிவெடுக்கும் அகதிச் சபையின் முன் தோன்றத் தனி அனுமதி வேண்டும். தமிழில் பேசுகிறார், ஊர்க்காரர், படிவம் நிரப்பித் தருகிறார் என்பதெல்லாம் தகுதியாகாது. சுவிற்சர்லாந்தில் 2019 மார்ச் முதல் கூட்டாட்சிப் புகலிட மையங்களில் இலவசச் சட்டப் பிரதிநிதி கிடைக்கிறார். இங்கிலாந்திலும் ஒன்ராறியோவிலும் வருமானம் குறைந்தவர்களுக்குப் புகலிட வழக்குகளில் அரச சட்ட உதவி உண்டு. இவை இருக்கும்போது வயலை ஈடு வைத்துப் பணம் அனுப்புவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது.

இனி ஆவணங்கள். அடையாளத்தை நிறுவும் தாள்களில்தான் நம் பகுதி வழக்குகள் அதிகம் தடுமாறுகின்றன. தந்தையின் பெயர் முன்னால் வருவதும், ஒரே பெயர் பாடசாலைச் சான்றிதழில் ஒரு விதமாகவும் கடவுச்சீட்டில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்படுவதும், குடும்பப்பெயர் என்று ஒன்று இல்லாததும் நமக்கு இயல்பு; அங்குள்ள அதிகாரிக்கோ இரண்டு ஆட்கள் போலத் தோன்றலாம். அடையாள அட்டையும் அப்படித்தான்: பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும், 2016 முதல் வந்த புதியதில் 12 இலக்கங்கள். இத்தகைய ஒவ்வொரு வேறுபாட்டையும் காரணத்துடன் விளக்கும் சத்தியக்கடதாசி ஒன்றை முன்கூட்டியே தயாரித்து அனுப்புங்கள்.

சுனாமி இன்னொரு காரணம். 2004 டிசம்பர் 26இல் கல்லடியிலிருந்து கல்முனை, திருக்கோவில் வரை வீடுகளோடு ஆவணங்களும் போயின. பிறகு பிரதேச செயலகத்தில் எடுத்த பிறப்பு அத்தாட்சிப் பிரதியில் பிந்திய திகதி இருக்கும்; வழக்குக்காகவே எடுத்ததோ என்று அதிகாரி சந்தேகிக்கலாம். மூலப் பத்திரம் எப்படி அழிந்தது, அப்போது குடும்பம் எந்த முகாமில் தங்கியிருந்தது என்பதைக் கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலுடன் சேர்த்து எழுதினால் அந்தச் சந்தேகம் பெரும்பாலும் எழாது.

அடுத்தது, நடந்த சம்பவத்துக்கான ஆதாரம். மட்டக்களப்பிலோ கல்முனையிலோ உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அக்காலத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தால் அதன் இலக்கமும் பற்றுச்சீட்டும், தடுப்பில் இருந்தபோது சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு சந்தித்துப் பதிந்திருந்தால் அதன் தடுப்புச் சான்றிதழ், புனர்வாழ்வு முகாமிலிருந்து விடுவித்த கடிதம், போதனா வைத்தியசாலையின் நோய் நிர்ணய அட்டை, காணாமற்போனவர் பற்றி 2016ஆம் ஆண்டு மரணப் பதிவுத் திருத்தச் சட்டத்தின் கீழ் பெற்ற காணாமைச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேடுங்கள். சம்பவம் நடந்த காலத்திலேயே எழுதப்பட்ட ஒரு சிறிய துண்டு, இப்போது எழுதி வாங்கும் நீண்ட கடிதத்தை விட வலிமையானது.

நீதிமன்றத்தில் வழக்கு இருந்தால், பொலிஸார் நீதவானுக்கு விடயங்களைத் தெரிவிக்கும் பி அறிக்கையின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதி தேவை. அதைக் குடும்பத்தினர் அலைந்து எடுக்காமல் சட்டத்தரணி ஊடாகவே எடுக்க வேண்டும். இங்குள்ள சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள்: “இவர் தேடப்படுகிறார்” என்ற ஒற்றை வரிக் கடிதம் பயனற்றது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு இலக்கம், எந்த நாளில் நீங்களே பதிவறைக்குச் சென்று கோப்பைப் பார்த்தீர்கள், பிரதி எப்படிக் கைக்கு வந்தது என்பதை எழுதுங்கள். இலங்கை நீதிமன்ற ஆவணங்களைச் சட்டத்தரணிகள் ஊடாகப் பெற்ற ஒரு வழக்கில், 2014இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவற்றைத் தக்க காரணமின்றித் தள்ளிவிட முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆவணம் வந்த வழி தெளிவாக இருந்ததே அங்கே கைகொடுத்தது.

குருக்கள், பாதிரியார், மௌலவி, பாராளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் கடிதங்களுக்கும் இதே அளவுகோல்தான். எழுதுபவர் தாமே கண்டதையும் பிறர் சொல்லக் கேட்டதையும் பிரித்து எழுத வேண்டும். நற்சான்றிதழ் நடையில் எழுதிய புகழுரை வழக்குக்கு உதவாது.

சிங்களத்தில் உள்ள பொலிஸ் அழைப்பாணையைத் தமிழாக்கி அதிலிருந்து ஆங்கிலமாக்க வேண்டாம். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் நேரடியாகச் செய்வியுங்கள். கனடாவில் ஆவணங்கள் விசாரணைக்கு 10 நாட்களுக்கு முன் மொழிபெயர்ப்பாளரின் உறுதியுரையுடன் சேர்ந்திருக்க வேண்டும் என்பதால், கூரியர் நாட்களையும் கணக்கிடுங்கள். அனுப்பும் முன் இரு பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆவணம் இங்கிருந்துதான் வந்தது என்பதற்குக் கடித உறையும் சான்று என்பதால், பெறுபவர் அதை வீசாமல் வைத்திருக்க வேண்டும்.

பொய்த் தாள் ஒன்றுகூடச் சேர்க்காதீர்கள். ஏஜென்சிக்காரர் எழுதிக் கொடுக்கும் கதைக்கு ஏற்ப ஒரு போலிக் கடிதம் செருகப்பட்டால், உண்மையாகவே அடிபட்டவரின் உண்மையான சான்றுகளும் அதனோடு சேர்ந்து நம்பிக்கையை இழக்கின்றன. அதேபோல, வழக்கு உள்ளதா என்று விசாரிக்கப் பொலிஸ் நிலையத்துக்கு நீங்களே போகாதீர்கள்; வழக்கு விவரத்தை முகநூலில் எழுதாதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க இலங்கைத் தூதரகத்துக்குப் போவதற்கு முன், அது வழக்கைப் பாதிக்குமா என்று தம் சட்டத்தரணியிடம் கேட்க வேண்டும்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அழுது தீர்க்க நேரமில்லை. பிரித்தானியாவுக்குள் இருப்பவருக்கு மேன்முறையீடு செய்யப் பொதுவாக 14 நாட்கள், கனடாவில் எழுத்துமூலக் காரணங்கள் கிடைத்ததிலிருந்து 15 நாட்கள், சுவிற்சர்லாந்தின் விரைவு நடைமுறையில் ஏழு வேலை நாட்கள் மட்டுமே. கடிதத்தின் எல்லாப் பக்கங்களையும் அன்றே சட்டத்தரணிக்கு அனுப்பச் சொல்லுங்கள். எந்த ஆவணம் ஏன் நம்பப்படவில்லை என்ற பந்திகளை மட்டும் தமிழில் விளக்கிக் கேட்டு, அதற்கு வேண்டிய பிரதியை மறுநாள் காலையிலேயே பிரதேச செயலகத்திலோ சட்டத்தரணியிடமோ தேடத் தொடங்குங்கள்.