கரைவலைக் கயிற்றில் சமூக அடுக்கமைவு படிப்பது எப்படி

வெளிவாரிப் பட்டத்துக்கு முதல் தரம் சோதனை எழுதினபோது, சமூக அடுக்கமைவுக் கேள்விக்கு (சமூகத்தில் ஆட்கள் மேல், கீழ் என்று அடுக்காவது எப்படி என்ற கேள்வி) நாலு பக்கம் நிரப்பினேன். மார்க்ஸ், வெபர், டேவிஸ், மூர் என்று கோட்பாடு சொன்னவர்கள் எல்லாரும் ஆண்டு பிசகாமல் வந்தார்கள். புள்ளிதான் வரவில்லை. இப்போது திருகோணமலை உப்புவெளியில் பிள்ளைகளுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுக்கிறேன். முதல் வகுப்பு மட்டும் விடிய ஐந்தரைக்குக் கடற்கரையில், கரைவலை (வள்ளத்தில் கொண்டுபோய் விட்டு, கரையில் நின்று கயிற்றால் இழுக்கிற வலை) இழுக்கிற இடத்தில்.

கொப்பியும் பென்சிலும் போதும் (பேனை மை உப்புக்காற்றில் பரவும்). கோட்பாட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல், முதலில் கணக்கை எழுதுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுதினது இது: சூடையும் பாரையும் விற்றது 84,000 ரூபா. எண்ணெய், சாப்பாட்டுச் செலவு 12,000. மிச்சம் 72,000இல் பாதி வலை முதலாளிக்கு. மற்றப் பாதி 24 பங்கு, பங்குக்கு 1,500. கயிறு இழுத்த 22 பேருக்கு ஒவ்வொரு பங்கு, தண்ணீரின் நிறம் பார்த்து மீன் கூட்டம் சொல்கிற ஐயாவுக்கு இரண்டு பங்கு.

இனி அந்தக் கணக்கிடம் ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கவேண்டும்.

மார்க்ஸின் கேள்வி, உற்பத்திச் சாதனம் யார் கையில்? வலை, வள்ளம் என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். ‘பாடு’ இருக்கிறது, அதாவது அந்தத் துண்டுக் கரையில் வலை இழுக்கிற உரிமை. கயிற்றில் கை வைக்காதவருக்கு 36,000 போனது அதனால்தான். பிள்ளைகள் உடனே ‘சுரண்டல்’ என்று எழுதிவிடுவார்கள். பொறுங்கள், இது கூலி இல்லை, பங்கு. வலை வெறுமையாக வந்தால் முதலாளிக்கும் நட்டம். ஆனால் வாடைக்காற்றுத் தொடங்கிக் கரைவலை நின்றால் அரிசிக்கு யார் யாரிடம் போகிறார்கள் என்று பாருங்கள். இழுக்கிறவர் முதலாளியிடம் முற்பணம் வாங்குவார், அடுத்த பருவத்துக்கு வேறு வலைக்குப் போகமுடியாது. மார்க்ஸுக்கான பதில் பங்குக் கணக்கில் பாதி, கடன் கொப்பியில் பாதி.

அப்போதுதான் ஐஸ் லொறி வரும். அந்த வியாபாரிக்கு வலையும் இல்லை, பாடும் இல்லை. ஆனாலும் விலையைச் சொல்கிறவர் அவர்தான், ஏனென்றால் மீன் காத்திராது. வெபர் வர்க்கத்தைச் சந்தையில் ஒருவருக்குள்ள வாய்ப்பாகவும் பார்த்தார். லொறிக்காரரை அவரிடம் விடுங்கள். வெபர் அதோடு நிற்கவில்லை, அந்தஸ்து (ஊர் தருகிற மதிப்பு), கட்சி (அமைப்பாகச் சேர்ந்து பெறுகிற அதிகாரம்) என்று வேறு இரண்டும் வைத்தார். எங்கள் பக்கத்தில் வலையை எப்போதோ விற்றுவிட்ட ஒரு குடும்பம் உண்டு. கையில் காசில்லை, ஆனால் கோயில் காளாஞ்சி முதலில் அவர்களுக்குத்தான். லொறிக்காரர் பின்வரிசையில். பாடு யாருக்கு என்ற பேச்சு வந்தால் இரண்டு பேரையும் விட, கடற்றொழிலாளர் சங்கத்தில் பதவி வைத்திருப்பவர் குரல்தான் கேட்கும். மூன்றும் ஒரே ஆளிடம் சேராத இடத்தைக் கண்டுபிடித்து எழுதினால் உங்களுக்கு வெபர் விளங்கிவிட்டது.

டேவிஸும் மூரும் 1945இல் சொன்னது: முக்கியமான, ஆள் கிடைக்கக் கடினமான பொறுப்புக்குத் தகுதியானவரை இழுக்கச் சமூகம் கூடுதல் வெகுமதி வைக்கிறது. மீன் பார்க்கிற ஐயாவிடம் இதைப் பொருத்தினால் இரண்டு பங்கு கச்சிதமாக நிற்கும். எனக்கு இந்தக் கோட்பாட்டில் பெரிய விருப்பமில்லை, ஆனாலும் பொருந்துகிறதை மறைக்கக்கூடாது. பிறகு லொறியிடம் கொண்டுபோங்கள், தடுமாறும். அவர்களை மறுத்து 1953இல் டியூமின் என்ற சமூகவியலாளர் கேட்டதும் இங்கேதான் வரும்: எது முக்கியம் என்று அளப்பது எப்படி? பயிற்சிக்கே வழியில்லாத வீட்டில் எத்தனை திறமை வெளியே தெரியாமல் போகிறது? ஐயாவிடமே கேட்டேன், உங்களுக்குப் பிறகு ஆர் பார்க்கிறது என்று.

“என்ர பெடியன் பார்ப்பான் பிள்ள. ஆனா அவனுக்குக் கடல் வேண்டாமாம், கந்தோர் வேணுமாம்.”

அந்தப் பெடியனுக்குப் பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியூ. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முன்பே சில வீடுகளில் இருக்கிற அகராதி, ஆங்கிலம் பேசுகிற மாமா, கந்தோரில் யாரிடம் எப்படிப் பேசுவது என்ற பழக்கம், இவையெல்லாம் பண்பாட்டு மூலதனமும் சமூக மூலதனமும். மாமா வேலை எடுத்துக்கொடுத்தால் அது சமூக மூலதனம், பேச்சைத் திருத்தினால் பண்பாட்டு மூலதனம். சோதனையில் இதைக் குழப்பாதீர்கள்.

கணக்கில் ஒரு ஆளை விட்டுவிட்டேன், நானும் முதல் நாள் விட்டவள்தான். விற்காத சூடையைக் கீறி உப்புப் போட்டுக் காயவைக்கிற அக்காவுக்கு அந்த 24 பங்கில் ஒன்றும் இல்லை. அவ செய்கிறதை எல்லாரும் ‘உதவி’ என்கிறார்கள். வர்க்கம், பால், சாதி ஒன்றாகப் பின்னுகிற இடத்தைத் தனித்தனியாக எண்ணினால் ஆள் மறைந்துபோவாள். அமெரிக்கச் சட்ட அறிஞர் கிரென்ஷோ 1989இல் இனத்தையும் பாலையும் வைத்து இதைச் சொல்லி, ‘இடைவெட்டுத்தன்மை’ (intersectionality) என்று பெயர் வைத்தார். நான் அக்கா மீன் காயவைக்கிற பாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்துதான் அதை விளங்கிக்கொண்டேன்.

போகும்போது செருப்பைக் கழற்றுங்கள், கயிற்றுக்கு உள்பக்கம் நிற்காதீர்கள், இழுபடும். ஒரு கை பிடிக்கச் சொன்னால் பிடியுங்கள். கறிக்கு இரண்டு மீன் தந்தால் வாங்கி, அதையும் கணக்கில் எழுதுங்கள்.